கடைக்கு ஒரு டெமோ காப்பி: போர்டு கேம் நிறுவனங்களின் திட்டங்கள் எப்படி?

60 டாலர் விலை போட்ட ஒரு போர்டு கேம் அமெரிக்காவில் எப்படிக் கைமாறுகிறது என்று பார்த்தால்தான், கடையில் விளையாடிக் காட்டப் பிரித்து வைக்கும் டெமோ காப்பியின் விவகாரம் பிடிபடும். சீனாவில் அச்சாகிக் கப்பலேறி அமெரிக்கக் கிடங்குக்கு வந்து சேர்வதற்குள் ஆகும் அடக்க விலை, பொதுவாகப் பெட்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கு. அதாவது 12 டாலர். வெளியீட்டு நிறுவனம் அதை விநியோகஸ்தருக்குப் பெட்டி விலையில் சுமார் 40 சதவீதத்துக்கு, 24 டாலருக்குத் தள்ளிவிடுகிறது. கடைக்காரர் கைக்கு வரும்போது அது 30 முதல் 33 டாலர். விற்றால் மிஞ்சும் 27, 30 டாலரில்தான் வாடகை, சம்பளம், மின்கட்டணம் எல்லாம்.

கடைக்காரர் அதில் ஒரு பெட்டியைப் பிரித்து மேசையில் பரப்பி, வருகிறவர்களுக்கு விளையாடிக் காட்ட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிரித்த பெட்டியைப் புதியதென்று விற்க முடியாது. போட்ட 30 டாலரைத் திரும்ப எடுக்க, டெமோ இல்லாவிட்டால் விற்றிருக்காத ஒரு பெட்டியாவது கூடுதலாக விற்க வேண்டும். அதே பெட்டியை நிறுவனம் இலவசமாகக் கொடுத்தால் அதற்கு 12 டாலர் செலவு. ஒரு பெட்டி கூடுதலாக விற்றால் கிடைக்கும் லாபமும் 12 டாலர்தான். இருவருக்கும் ஒரே கணக்கு, ஒரு பெட்டி.

ஆனால் அந்த ஒரு பெட்டி எங்கே விற்கிறது என்பதில் இருவரும் பிரிகிறார்கள். கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து விளையாடிப் பார்த்தவர் வீட்டுக்குப் போய், 42 டாலருக்குக் கிடைக்கிறதே என்று அமேசானில் வாங்கினாலும் நிறுவனத்துக்கு வரும்படி உண்டு. கடைக்காரருக்கு ஒன்றும் கிடையாது. கற்றுக்கொடுத்த ஊழியரின் சம்பளம் வேறு அவர் தலையில். பலன் எந்த வழியாகப் போனாலும் நிறுவனத்துக்கே போய்ச் சேரும் ஒரு செலவை நிறுவனம்தான் ஏற்க வேண்டும். அந்த வகையில் டெமோ காப்பி இலவசமாகத்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் தீர்ப்பு. ஆனால் இப்போது நிறுவனங்கள் இலவசத்தைக் கொடுக்கும் விதங்களில் பாதிக்கு மேல் பணம் வீண்.

எல்லாக் கடைகளுக்கும் ஆளுக்கொன்று அனுப்பிவிடலாமே என்று கேட்பவர்கள் தபால் செலவை மறக்கிறார்கள். இரண்டு கிலோப் பெட்டியைத் தனியாக அட்டைப்பெட்டியில் வைத்து அமெரிக்காவின் மறுகோடிக்கு அனுப்பினால், பெட்டியின் அடக்க விலைக்கு ஈடாகத் தபாலுக்கும் போய்விடும். ஆயிரம் கடை என்றால் காப்பிக்கு 12,000 டாலர், அனுப்ப இன்னொரு 12,000. சிறு நிறுவனங்களின் முதல் அச்சே பெரும்பாலும் 1,000 அல்லது 1,500 பிரதிகள்தான், ஏனென்றால் தொழிற்சாலைகள் எடுக்கும் குறைந்தபட்ச ஆர்டரே அவ்வளவு. அதில் ஆயிரத்தைத் தானம் செய்ய முடியாது. 2025 ஏப்ரலில் சீனப் பொருட்கள் மீதான அமெரிக்க இறக்குமதி வரி 145 சதவீதம் வரை ஏறி, மே மாதம் 30 சதவீதத்துக்கு இறங்கியபோது இந்தக் கணக்கு இன்னும் கசந்தது. தொழிற்சாலை விலை 10 டாலர் என்றால், அந்த ஏப்ரல் விகிதத்தில் வரி மட்டுமே 14.50. இலவசக் காப்பிக்கும் வரி உண்டு. சுங்கத்துறைக்கு டெமோ, விற்பனை என்ற பேதமெல்லாம் கிடையாது.

இப்போது புழக்கத்தில் உள்ள திட்டங்கள்

மோசமானதை முதலில் சொல்லிவிடலாம். வணிகக் கண்காட்சிக்கு வரும் கடைக்காரர்களுக்கு ஒரு பெரிய பெட்டி நிறைய கேம்களை அள்ளிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. வாங்குகிறவருக்குக் கொண்டாட்டம். ஆனால் அதில் எது அவர் கடைக்கு ஏற்றது என்று யாரும் பார்ப்பதில்லை. குடும்பங்கள் வரும் கடைக்கு நான்கு மணி நேரப் போர் விளையாட்டும், போர் விளையாட்டுக் கடைக்குக் குழந்தைகள் கேமும் போய்ச் சேரும். உறை பிரிக்காமலே அலமாரியில் ஏறி விற்பனையாகும், அல்லது முதலாளி வீட்டுக்குப் போகும். அவரைக் குறை சொல்லவும் முடியாது. கேட்காமல் வந்த பொருள். அதைக் கற்கவும் கற்பிக்கவும் ஆகும் நேரம் அவருடையது. எங்கள் மதிப்பெண் 10க்கு 3.

விநியோகஸ்தர் வழியாகத் தனிக் குறியீட்டில் டெமோ காப்பியைப் பாதி விலைக்கு விற்பது அடுத்தது. கடைக்காரர் மொத்த விலையில் 30 டாலருக்கு வாங்கும் பெட்டி 15க்குக் கிடைக்கும். காசு கொடுத்ததால் கடைக்காரர் உறையைப் பிரிக்க வாய்ப்பு அதிகம், இது இதன் பெரிய பலம். விநியோகஸ்தருக்கும் ஏதோ கிடைப்பதால் எடுத்து வைத்து அனுப்புவார். பூஜ்ய விலைப் பொருளென்றால் கிடங்கில் இடம், கை வேலை இரண்டும் அவருக்கு நஷ்டம்; அதனால்தான் முழு இலவச டெமோக்கள் பட்டியலில் இருந்தும் 'ஸ்டாக் இல்லை' என்றே பல மாதம் நிற்கின்றன. குறை என்னவென்றால், பாதி விலைக்கு வாங்கியதை உறை பிரிக்காமல் முழு விலைக்கு விற்கும் ஆசை. பெட்டியின் வெளி உறையில் ஒட்டிய 'விற்பனைக்கு அல்ல' ஸ்டிக்கர் உறையோடு போய்விடும். மூடியின் உட்புறத்திலும் பலகையின் பின்புறத்திலும் அச்சடித்திருந்தால்தான் பயன். அப்படி அச்சடிக்கத் தொழிற்சாலையில் தனி ஓட்டம் தேவை. சிறு நிறுவனத்துக்கு அது கட்டுப்படியாகாது. ஒரு ரப்பர் ஸ்டாம்பு போதும். 10க்கு 6.

ஆறு பெட்டி எடுத்தால் டெமோ ஒன்று இலவசம் என்பது மூன்றாவது முறை. பல கேம்கள் ஓர் அட்டைப்பெட்டிக்கு ஆறு என்ற கணக்கில்தான் வருகின்றன. ஏழாவதை அதே சரக்கோடு சேர்த்து அனுப்பினால் தனித் தபால் செலவே இல்லை. ஆறு எடுத்தவருக்கு அவற்றை விற்றாக வேண்டிய கட்டாயம் இருப்பதால் டெமோவைப் பிரிப்பார். சிறிய கடைகளுக்கு மட்டும் இது எட்டாது. ஒவ்வொரு கேமிலும் இரண்டு பெட்டிக்கு மேல் எடுக்க முதல் இல்லாதவருக்கு ஆறு என்பது பெரிய எண். உண்மையில் டெமோ அதிகம் தேவைப்படுவதும் அவருக்குத்தான். எண்ணை மூன்றாகக் குறைத்தால் 10க்கு 8 தரலாம். ஆறு என்றால் 7.

ஆர்வலர்களிடம் முன்பணம் திரட்டித் தயாரிக்க உதவும் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் கடைகளுக்கென்று இருக்கும் தனிப் பிரிவு வேறு கதை. முன்பணம் கட்டி நான்கு, ஆறு பெட்டி பதிந்தால் டெமோ ஒன்று சேர்ந்து வரும். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தயாரிப்பு தாமதமாகி, ஆர்வலர்கள் வீட்டுக்கு முதலில் போய், கடைக்குக் கடைசியில் வந்தால், அந்த ஊரில் வாங்கக்கூடியவர்கள் எல்லாம் ஏற்கெனவே வாங்கி முடித்திருப்பார்கள். அப்போது யாருக்கு விளையாடிக் காட்டுவது? கடைகளுக்கான சரக்கு ஆர்வலர்களுக்கு முன்போ அதே வாரத்திலோ புறப்படும் என்று எழுத்தில் இருந்தால் மட்டும் கையெழுத்திடலாம்.

பெயரில் மட்டும் இலவசமாக இருப்பவையும் உண்டு. 2007இல் தொடங்கிய 'ஃப்ரீ ஆர்பிஜி டே' (ஆர்பிஜி என்பது பாத்திரமேற்று ஆடும் கதை விளையாட்டு) அன்று கடைக்கு வருகிறவர்களுக்கு அறிமுகப் புத்தகங்கள் இலவசம். அந்தப் புத்தகக் கட்டைக் கடைக்காரர் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். காமிக்ஸ் உலகில் 2002இல் தொடங்கிய 'ஃப்ரீ காமிக் புக் டே'யும் இப்படித்தான். வாடிக்கையாளருக்குத் தெரியாத இந்த விவரத்தைக் கடைக்காரர்கள் சொல்லிக் காட்டுவதும் இல்லை.

இத்தனைக்கும் நடுவில் உருப்படியாகச் செய்திருப்பவை இரண்டு பெரிய நிறுவனங்கள். மேஜிக் தி கேதரிங் கார்டு விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட், தன் பட்டியலில் உள்ள கடைகளுக்கு 30 கார்டு கொண்ட 'வெல்கம்' கட்டுகளைப் பல ஆண்டுகள் இலவசமாகக் கொடுத்து வந்தது. புதிதாக வந்தவர் விளையாடிப் பார்த்துவிட்டு, கட்டை வீட்டுக்கே எடுத்துப் போகலாம். திருப்பி வாங்கி, எண்ணி, அடுக்கும் வேலை கடைக்கு இல்லை. கேம்ஸ் ஒர்க்‌ஷாப் தன் வார்ஹாமர் போர் விளையாட்டுக் கடைகளில் புதியவருக்கு ஒரு சிறு உருவத்தைக் கொடுத்து, அங்கேயே வர்ணம் பூசக் கற்றுக்கொடுத்து, அதையே பரிசாகத் தந்துவிடுகிறது. இரண்டிலும் கொடுப்பது முழு கேம் அல்ல, ஒரு துண்டு. அச்சுச் செலவு மிகக் குறைவு, வாங்கியவர் மீதியைத் தேடி வருவார். ஆனால் இது தொடர்ந்து வாங்கும் வகைக் கேமுக்கே பொருந்தும். ஒரே பெட்டியில் முடிந்துபோகும் கேமுக்குத் துண்டு கொடுத்துப் பயனில்லை.

எந்த கேமுக்கு டெமோ கேட்கலாம்

ஓடு பதித்து ஆடும் அஸுல் டெமோவுக்கென்றே பிறந்தது போன்ற கேம். 2017இல் வந்தது, 2018இல் ஜெர்மனியின் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' (ஆண்டின் கேம்) விருது. 100 ஓடுகளும் கெட்டியான பிசின் வில்லைகள்; ஆயிரம் கைகள் பட்டாலும் தேயாது. இரண்டு பேருக்கு ஐந்து வட்டத் தட்டுகளைப் போட்டு, ஒவ்வொன்றிலும் நான்கு ஓடு வைத்தால் ஆட்டம் தயார், இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஒரே ஒரு சுற்று ஆடிக்காட்டினால் முழு விதியும் விளங்கிவிடும். இதற்கு டெமோ தராத நிறுவனம் தன் காசைத் தானே விடுகிறது.

ரயில் பாதை போடும் டிக்கெட் டு ரைடில் ஆளுக்கு 45 ரயில் பெட்டிகள், கூடவே நிறத்துக்குச் சில உதிரிகள். ஆக, மேசையடியில் இரண்டு விழுந்து தொலைந்தாலும் டெமோ நிற்காது. ஆனால் முழு ஆட்டம் ஒரு மணி நேரத்தைத் தொடும், கடைக்கு அது அதிகம். ஆளுக்கு 45க்குப் பதில் 20 ரயில் பெட்டி மட்டும் கொடுங்கள். ஒருவரிடம் இரண்டோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சும்போது கடைசிச் சுற்று என்பது விதி. அதனால் ஆட்டம் இயல்பாகவே பாதியில் முடியும், முடிவும் தெரியும். 2018இல் வந்த நியூயார்க் பதிப்பு 10, 15 நிமிடத்தில் முடிகிற சிறிய பெட்டி. அதைக் காட்டிப் பெரிய பெட்டியை விற்கலாம், சின்னதையும் விற்கலாம்.

பறவைகளைச் சேர்த்து ஆடும் விங்ஸ்பேனில் சிக்கல் நேரம்தான். நான்கு சுற்றுகள், ஆளுக்கு 8, 7, 6, 5 என 26 முறை. எந்தக் கடையிலும் முழுதாக ஆடிக்காட்ட முடியாது. ஸ்டோன்மையர் நிறுவனம் இதற்காகவே முதல் நான்கு முறைகளை வரிவரியாகச் சொல்லிக் கொடுக்கும் 'ஸ்விஃப்ட் ஸ்டார்ட்' அட்டைகளை வெளியிட்டது. ஆசிரியர் இல்லாமலே நான்கு பேர் ஆடத் தொடங்கலாம். அந்த நான்கு முறையோடு டெமோவை நிறுத்திவிடலாம்; பறவைகளுக்குத் தீனி வைக்கும் கூடு போன்ற பகடைக் கோபுரமும் 75 வண்ண முட்டைகளும் மீதி வேலையைச் செய்யும். இலவசக் காப்பி ஒன்றைவிட இப்படி ஒரு வழிகாட்டி அட்டை பெரிய உதவி என்று தயங்காமல் சொல்லலாம். ஊழியர் மாறினாலும் டெமோ நிற்காது அல்லவா?

சாகச கேமான குளூம்ஹேவனைப் பிரித்து அடுக்கவே ஒரு மாலை வேண்டும், பெட்டி சுமார் 10 கிலோ. அதற்கு டெமோ கேட்பது வீண். அதே உலகில் 2020இல் வந்த ஜாஸ் ஆஃப் தி லயனில் வரைபடமே புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது, பலகைத் துண்டுகளைக் கோக்க வேண்டாம். முதல் ஐந்து கட்டங்கள் பாடம் போல் விதிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கின்றன. முதல் கட்டம் மட்டும் போதும்.

புதிர்களை அவிழ்த்துத் தப்பிக்கும் எக்ஸிட் வரிசைக்கு டெமோவே கிடையாது. கார்டுகளை வெட்டிக் கிழித்து ஆடும் கேம், ஒருமுறைதான். அதே வகையான அன்லாக் வரிசைக்காரர்கள் அச்சிட்டுக்கொள்ளும் சிறிய மாதிரிக் கதைகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். கடைக்கு ஆகும் செலவு சில காகிதங்கள், ஒரு கைபேசி. இரண்டு வரிசையையும் பக்கத்தில் வைத்து விற்கும் கடைக்கு எது எளிது என்று சொல்ல வேண்டியதில்லை.

கோட்நேம்ஸ் போன்றவற்றுக்கு டெமோ காப்பி வேண்டும், விளக்கம் வேண்டாம். 25 சொற்களை மேசையில் பரப்பி வைத்தால் கூட்டம் தானாகச் சேரும்.

வந்த காப்பியைத் தயார் செய்வது

இங்கேதான் பல கடைகள் கோட்டை விடுகின்றன. உறை பிரித்ததும் முதல் வேலை எல்லாப் பாகங்களையும் விதிப் புத்தகத்தின் பட்டியலோடு எண்ணிச் சரிபார்ப்பது. குறை இருந்தால் அன்றே நிறுவனத்துக்கு எழுதினால் பெரும்பாலும் கேள்வி கேட்காமல் அனுப்புவார்கள், மூன்று மாதம் கழித்துக் கேட்டால் டெமோவில் தொலைந்ததா, வரும்போதே இல்லையா என்று யாருக்கும் தெரியாது. மூடியின் உட்புறத்தில் பாகங்களின் எண்ணிக்கையை ஒட்டுங்கள். ஒவ்வொரு வீரருக்குரியதையும் தனித்தனி ஜிப் பையில் போட்டு வைத்தால் மேசையில் பரப்ப ஆகும் நேரம் மூன்றில் ஒன்றாகும்.

கார்டுகளுக்கு உறை அவசியம். விங்ஸ்பேனில் 170 பறவைக் கார்டு, 26 போனஸ் கார்டு, அளவு 57க்கு 87 மில்லிமீட்டர். 50 உறை கொண்ட பாக்கெட் நான்கு வாங்கினால் நான்கு உறை மிஞ்சும். பளபளப்பான உறை விளக்கொளியில் கண்ணைக் கூசும், மங்கிய பின்புறம் உள்ளதே கலைக்கவும் சுலபம். ஆனால் உறை போட்டால் கட்டின் தடிமன் ஏறி, பெட்டிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் அடங்காமல் போகலாம். அந்தத் தட்டைக் கழற்றி வைப்பதில் தவறில்லை. டெமோவில் அதிகம் பயன்படாத கார்டுகளுக்கு உறை போடாமல் மிச்சம் பிடிக்கப் பார்க்க வேண்டாம், கட்டில் எது உறை போட்டது என்று தடவியே தெரிந்துவிடும்.

பிறகு, பத்து நிமிடத் தாள். எதற்காக ஆடுகிறோம், உங்கள் முறை வந்தால் என்ன செய்யலாம், ஆட்டம் எப்போது முடியும் என்ற மூன்றையும் இந்த வரிசையில் அரைப் பக்கத்தில் எழுதி லேமினேட் செய்ய வேண்டும். விதிவிலக்குகள் அந்தத் தாளில் வரக் கூடாது. விதி முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் ஆடத் தொடங்குவேன் என்று அடம்பிடிக்கும் ஊழியரைவிட, நல்ல தாள் ஒன்று அதிகம் விற்கும். இந்தத் தாளை நிறுவனமே எழுதி அனுப்ப வேண்டும் என்பதுதான் எங்கள் பெரிய குறை. கேமை உருவாக்கியவர்களுக்கு அரை நாள் வேலை. ஒவ்வொரு கடையும் தனித்தனியே எழுதினால் எத்தனை நாள்!

நேரமும் முக்கியம். புது கேமின் விற்பனை பெரும்பகுதி முதல் சில வாரங்களில்தான். வெளியீட்டுக்கு ஒரு மாதம் கழித்து வரும் டெமோ அலமாரியை அடைப்பதோடு சரி. இரண்டு வாரம் முன்பே வந்தால் ஊழியர்கள் கற்றுக்கொண்டு, முன்பதிவும் எடுக்கலாம்.

எது சரியான திட்டம்

முதலில் கடைக்காரர் டெமோவைப் பாதி விலைக்கு வாங்கட்டும். அதே கேமை இரண்டாம் முறை ஆர்டர் செய்யும்போது அந்தப் பணத்தை நிறுவனம் முழுதாகக் கழித்துவிடட்டும். டெமோ வேலை செய்திருந்தால் மறு ஆர்டர் வரும், காப்பி இலவசமாகும். பிரிக்காமல் வைத்திருந்தவருக்குப் பணம் திரும்பாது. நிறுவனத்துக்கோ, விற்காத இடத்தில் 12 டாலரை இழக்கும் ஆபத்து இல்லை. இரண்டே இரண்டு பெட்டி எடுக்கும் சிறு கடையும் இதில் சேரலாம்.

நடைமுறையில் ஒரு பள்ளம் இருக்கிறது: கழிவு யார் கணக்கில் நிற்கிறது? விநியோகஸ்தர் கணக்கில் நின்றால் அவர் கவிழும்போது அதுவும் கவிழும். 2025 ஜனவரியில், அலையன்ஸ் கேம் டிஸ்ட்ரிபியூட்டர்ஸைத் தன் பிரிவாக வைத்திருந்த டைமண்ட் விநியோக நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியதை இந்தத் தொழிலில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதனால் கழிவை நிறுவனமே நேரடியாகத் தர வேண்டும். விநியோகஸ்தரின் இரண்டு பில்லையும் கடைக்காரர் படமெடுத்து அனுப்பினால் போதும் என்று வைத்துக்கொள்ளலாம்.

மேசைக்கு மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் போர்டு கேம் கஃபேக்களுக்கு இந்தச் சலுகை வேண்டாம். அவர்களுக்குக் காப்பியே வருமான மூலம். மொத்த விலைக்கு வாங்கட்டும். பெட்டி விற்கும் அலமாரி தனியாக இருந்து, டெமோ மேசைக்குக் கட்டணம் இல்லை என்றால் மட்டும் விதிவிலக்கு.

மேசை மேல் பெட்டி வைக்க இடமே இல்லாத கடைக்காரர்கள், 2021 முதல் அஸ்மோடி நிறுவனத்தின் கையில் இருக்கும் போர்டு கேம் அரீனா என்ற இணைய விளையாட்டுத் தளத்தை ஒரு டேப்லெட்டில் திறந்து காட்டுகிறார்கள். விதி கற்க அது நல்லது. விற்க அவ்வளவு உதவாது. ஓடுகளைக் கையில் எடுத்துப் பார்க்காமல் அஸுலுக்கு 40 டாலர் கொடுப்பவர் குறைவு.

திட்டத்தில் சேரும்முன் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்க வேண்டியவை: காப்பி எந்தத் தேதிக்குள் வரும், தொலைந்த பாகத்துக்கு மாற்று உண்டா, பழைய டெமோவை எப்போது விற்கலாம். கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆறு மாதம் கழித்து, திறந்த பெட்டி என்று எழுதி ஒட்டிப் பாதி விலைக்கு விற்க அனுமதித்தால் 60 டாலர் கேமுக்கு 30 டாலர் வரும்; அடுத்த டெமோவுக்கான 15 டாலரும் உறை, லேமினேஷன் செலவும் அதிலேயே அடங்கிவிடும். அனுமதி மின்னஞ்சலில் இருக்கட்டும், அலமாரியில் ஏறும் முன் பாகங்களை மூடியில் ஒட்டிய பட்டியலோடு இன்னொரு முறை எண்ணிவிடுங்கள்.